இரண்டு கையையும் நீட்டிய ஞாயிற்றுக்கிழமை

என் மகளின் கல்யாணத்தை என் கையாலேயே நிறுத்திவிட்டேன் என்று ஒரு வாரத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குச் சொல்கிற 'கையாலேயே' இல்லை. நிஜமாகவே இந்த இரண்டு கைகள்தான். ஒன்றில் மாமனார் போட்ட மோதிரம். இன்னொன்றில் ஒன்றும் கிடையாது.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பயத்தின் லட்சணம் தெரியும். பல்லி விழுந்தால் பஞ்சாங்கம், ரெண்டு இருமல் வந்தால் ஸ்கேன் என்று ஓடுகிற ஆள். அதெல்லாம் என் உடம்போடு போகிற பயம். இதில் என் பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் வழக்கம்போலப் பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

எமகண்டத்துக்கு முன்னால்

அன்றைக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றும்போது உச்சி வெயில். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும். "அதுக்குள்ள உக்காந்து தேதிய முடிச்சிடணுங்க" என்று என் மனைவி வசந்தி, திருப்பாதிரிப்புலியூரில் காரில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கத்தில் ரயிலுக்காகக் கேட்டை மூடிவிட்டார்கள். புதுச்சத்திரம் வந்ததும் டீ குடித்தே ஆக வேண்டும் என்றான் சேகர்.

சேகர் வசந்தியின் தம்பி. என் மச்சான். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பும், ஊர் முழுக்கக் கேட்கிற ஒரு வாயும் வைத்திருப்பவன்.

பெண் பார்க்க அவர்கள் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துபோய்விட்டார்கள். பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். என் மகள் நிவேதாவும், மாப்பிள்ளைப் பையன் கார்த்திக்கும் சென்னையில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்குள் பேச்சும் ஆரம்பித்துவிட்டது, எங்கள் யாருடைய தயவும் தேவைப்படாத பேச்சு. நாங்கள் போனது வீடு பார்க்க. சாப்பிட வேண்டும், நிச்சயத்துக்குத் தேதி குறிக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். இதில் ஒருவன் என்ன தப்புப் பண்ணிவிட முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கூடத்தில் சாம்பிராணி வாசனையும் கேசரி வாசனையும் கலந்து அடித்தன. தரையில் புது ஜமக்காளம். அதன் மடிப்புக்கோடுகூட இன்னும் போகவில்லை. கார்த்திக் வாசலில் எங்கள் டிரைவருக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ராமலிங்கம் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மேல வீதிப் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். நல்ல காரியத்துக்கும் டெஸ்டரை எடுத்து வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். நான் அதைப் பார்த்தேன். சுவரில் வேறு என்னென்ன இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு முள்ளும் ஒட்டிக்கொள்ளப் போகின்றன என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. முடிந்தது, எமகண்டம் வந்துவிட்டது, வசந்தி என்னை உயிரோடு விடமாட்டாள் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும்.

அதே முகத்தோடு அவர் பக்கம் திரும்பினேன். தலையைக் கொஞ்சம் குனிந்தேன். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க, அவர் முன்னால் நீட்டினேன்.

எங்கள் கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போனால் ஆண்கள் துக்கம் கேட்கிற முறை அது. வீட்டுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். போகிறவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். வீட்டுக்காரர் தன் கைகளை அதன்மேல் வைப்பார். குலுக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'எப்படி ஆச்சு, எப்ப எடுக்கிறாங்க' என்பதெல்லாம் அப்புறம், வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது. அதற்குப் பெயரே கை கொடுப்பதுதான். "போய்க் கை குடுத்துட்டு வந்துட்டியா?" என்று எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டால், பாராட்டு விழாவைப் பற்றிக் கேட்கவில்லை.

ராமலிங்கம் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கைகள் தாமாகவே எழுந்து வந்து என் கைமேல் ஒரு நொடி உட்கார்ந்தன. சில்லென்று இருந்தன. அடுத்த நொடி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் இன்னும் நீட்டியபடியே இருந்தன. யாராவது பிரசாதம் போடுவார்கள் என்று காத்திருப்பதைப் போல.

கை படித்த பள்ளிக்கூடம்

நான் ஒரு மெடிக்கல் ரெப். கை கொடுத்தே பிழைக்கிற தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து எங்களுக்குக் கை கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஊறப்போட்ட அப்பளம் மாதிரி கொடுக்காதே. நட்டு முறுக்குகிற மாதிரியும் கொடுக்காதே. பிடி, கண்ணைப் பார், இரண்டு குலுக்கு, விட்டுவிடு. மூன்றாவது தடவை குலுக்கினால் ஏதோ கேட்கப் போகிறாய் என்று எதிராளி உஷாராகிவிடுவார்.

அந்த வித்தையோடு கடலூருக்கு வந்தால், இங்கே ஒரு டாக்டர் இரண்டு விரலை மட்டும் கடன் கொடுப்பது போல நீட்டுவார். இன்னொருவர் பேப்பரைப் படித்துக்கொண்டே இடது கையைக் கொடுப்பார். ஒரு வயதான டாக்டரம்மா, நான் கையை எடுப்பதற்குள் பெரிய கும்பிடாகப் போட்டு என்னை இரண்டு அடி பின்னால் தள்ளிவிடுவார்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு ஆராய்ச்சி இருந்தது. கை கொடுப்பதை நமக்குக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்தில் அவன் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தான். ஆகவே தமிழ்நாட்டில் முதல் கைகுலுக்கல் எங்கள் கடலூரில்தான் நடந்தது. இதைப் பல டீக்கடைகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஆதாரம் கேட்டவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு கொஞ்சம் படித்தபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. பொதுவாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. வலது கையில் கத்தி இல்லை என்று காட்டத்தான் கையை நீட்டினார்களாம். குலுக்கியது, சட்டைக் கைக்குள் ஒளித்துவைத்த சமாச்சாரம் ஏதாவது இருந்தால் கீழே விழட்டும் என்பதற்காகவாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. சட்டையே போடாமல் வாழ்ந்த ஊர்க்காரன் நான். எங்கே ஒளிப்பது?

வெள்ளைக்காரன் கப்பல் ஏறுவதற்கு எத்தனையோ காலம் முந்தியே, இரண்டு ராஜாக்கள் கை பற்றி நிற்கிற மாதிரி பாபிலோன் பக்கம் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்களும் செதுக்கியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? சமாதிக் கல்லில். செத்துப்போனவர் உட்கார்ந்திருப்பார், உயிரோடு இருப்பவர் எதிரே நின்று அவர் கையைப் பிடித்திருப்பார். வந்தவரை வரவேற்கிற கையா, போகிறவரை வழியனுப்புகிற கையா என்று படித்தவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது எங்க ஊர்க் கை ஆச்சே என்று தோன்றியது.

இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் இன்னொன்று செய்தார்கள். பெரிய மனிதரைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் குனிகிற வழக்கம் வேண்டாம், மனிதனுக்கு மனிதன் கை கொடுத்தால் போதும் என்றார்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எங்கள் பக்கத்தில் வாழ்ந்து பார்த்தால் சின்ன விஷயமில்லை என்று புரியும். கும்பிடை எவ்வளவு தூரத்திலிருந்தும் போடலாம். கை கொடுக்கத் தொட்டாக வேண்டும். தொடாமலே காலம் தள்ளுவதற்கு நாம் எத்தனை ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தோம்!

அப்பா கொடுத்த கை

என் அப்பா ஓ.டி. (ஓல்டு டவுன்; கடலூர் முதுநகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு வேலை கிடைத்த வருஷம், என் மேனேஜர் கடலூருக்கு வந்தார். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவராகவே வீட்டுக்கு வந்து, "நல்லாப் படிக்க வெச்சிருக்கீங்கய்யா" என்று வலது கையை நீட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு துண்டில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து நீட்டினார், தலையைக் குனிந்தபடி. அவருக்குத் தெரிந்த கை கொடுத்தல் அது ஒன்றுதான். சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் அவரிடம் யாரும் கை கேட்டதில்லை.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா என்னிடம், "என்னாடா, சந்தோஷத்துக்கும் குலுக்குவாங்களா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிதம்பரத்திலிருந்து திரும்பி வரும்போது காரில் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. ஆனால் சிரிக்கிற முறை அப்போது மச்சானுடையதாக இருந்தது.

"மாமா, சம்பந்தம் பேசப் போன எடத்துல எழவு கேட்டுட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான்" என்றான் சேகர். "உங்களுக்கு ஒரு பொன்னாட போத்தணும்."

"சேகரு, வாய மூடிக்கிட்டு வா" என்றாள் வசந்தி.

"நான் மூடிக்கிறேங்க்கா. மாமா கையத்தான் மூடி வெச்சிருந்திருக்கணும்."

ராமலிங்கம் அரை மணி கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்திருந்தார். லேசாகத் தலை சுற்றல் என்றார். இலையில் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. என் பக்கமே திரும்பவில்லை. கிளம்பும்போது, "தேதிய நாங்க போன்ல சொல்றோம்" என்று வசந்தியிடம் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏங்க, எப்படிங்க உங்களுக்கு அந்தக் கை வந்துச்சி?" என்று வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது வசந்தி கேட்டாள். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கை குற்றவாளியான காலம்

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. காரில் சொல்லத் தெரியவில்லை.

கொரோனா வந்தபோது முதலில் மாட்டிக்கொண்டது கைதான். முப்பது வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருந்த கையை டாக்டர்கள் நாய் கடிக்க வருவது போலப் பார்த்தார்கள். முழங்கையால் இடித்துக்கொண்டோம். ஒருவர் ஷூவால் என் ஷூவைத் தட்டினார், நான் மிதித்துவிட்டார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். 'பாத்தீங்களா, உலகமே நம்ம வணக்கத்துக்கு வந்துட்டுது' என்று வாட்ஸ்அப்பில் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். நானும்தான் நிமிர்த்தினேன்.

சாவு வீடுகளில் நிமிர்த்த முடியவில்லை. தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அதுவும் போய், வரிசையே இல்லாமல் போனது.

எல்லாம் தளர்ந்த பிறகு ஆஸ்பத்திரிகளில் கை திரும்பி வர வெகுநாள் ஆயிற்று. சில டாக்டர்கள் இன்றுவரை கும்பிடோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் திரும்பி வந்தது சாவு வீட்டுக் கைதான். அந்தக் காலத்தில் போக முடியாமல் போனதாலோ என்னவோ, பிறகு ஒரு சாவையும் நான் விடுவதில்லை. மருந்துக் கடைக்காரரின் அப்பா, டாக்டரின் மாமியார், கம்பவுண்டரின் அண்ணன் என்று எல்லா வீட்டு வரிசையிலும் போய் நீட்டினேன். சிதம்பரம் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமைகூட மொத்தமாக மருந்து வாங்கி விற்கிற ஒரு ஸ்டாக்கிஸ்ட் வீட்டில் நீட்டிவிட்டுத்தான் வந்தேன். முப்பது வருஷம் பழக்கிய குலுக்கல் என் கைக்கு மறந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் எழுந்து எதிரே நின்றால் அதற்கு இப்போது ஒன்றுதான் தெரியும்.

மேலே பார்த்த உள்ளங்கை

போன் வரவில்லை.

திங்கள், செவ்வாய் என்று ஒரு வாரம் ஓடியது. நானே கூப்பிடலாம் என்றால் வசந்தி விடவில்லை. "நீங்க போன்லயும் எதுனா நீட்டுவீங்க" என்றாள்.

மங்கலம்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிற சலீம் பாயிடம் போனேன். என் பயங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்கிற ஒரே மனிதர்.

"இதுக்கா கவலப்படுறீங்க?" என்றார். "எங்கள்ல ரெண்டு கையாலதான் சலாம் குடுப்போம். நிக்காஹ்லயே பொண்ணப் பெத்த அத்தாவும் மாப்பிள்ளையும் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் ஒப்புக்கிறாங்க. பாய்ங்களோட பழகிப் பழகி அப்படி வந்துடுச்சின்னு சொல்லிடுங்களேன்."

எனக்கு உயிர் வந்தது. "நல்ல யோசன பாய்."

"கை எப்படிக் குடுத்தீங்க? காட்டுங்க பாப்போம்."

காட்டினேன். உள்ளங்கை மேலே பார்க்க.

பாய் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மேல பாத்துச்சா?"

"பாத்துச்சு பாய்."

"தலையும் குனிஞ்சீங்களா?"

"ஆமா பாய்."

"அப்பக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு ஜெலுசில் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நிவேதா போன் பண்ணினாள். "நீ என்னாப்பா பண்ண அங்க? கார்த்திக்குக்கும் ஒண்ணும் தெரியலன்றான். அவுங்க அப்பா யாருகிட்டயும் சரியாப் பேச மாட்றாராம்."

"கை குடுத்தேம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கை குடுத்ததுக்கு ஏம்பா ஒருத்தரு கோச்சிக்கணும்?"

அவளுக்குத் தெரியாது. பெண்களுக்கு அந்தக் கை கிடையாது, அவர்கள் கட்டிப் பிடித்து அழுதுவிடுவார்கள். நான் விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். அவளும் அதற்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"எனக்கு அவனப் புடிச்சிருக்குப்பா" என்றாள் மெதுவாக.

பெண் அப்பாவிடம் இதைச் சொல்வதற்கு எத்தனை தயங்கியிருப்பாள் என்று யோசித்தேன். பிறகு என் கைகளைப் பார்த்தேன். இரண்டையும் வெட்டிப் பெண்ணையாற்றில் போட்டுவிடலாம் போலிருந்தது. போடுவதற்கு ஒரு கை வேண்டுமே என்றுதான் விட்டேன்.

தனியா வாங்க

மறுநாள் ராமலிங்கமே கூப்பிட்டார்.

"சார், ஒரு நட கடைக்கு வந்துட்டுப் போங்க. தனியா வாங்க."

பெண் பார்க்க வந்தபோதே என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்ட மனிதர். இப்போது சார். அதிலும் தனியாக. மச்சான் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். "கையப் பாக்கெட்ல வெச்சிக்குங்க மாமா" என்றான். அவன் குரலிலும் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் கையை ஆட்டிப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், "எதுனா கேட்டீங்களா சார்?" என்றார். இல்லை என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சிதம்பரம் வரைக்கும் அப்படித்தான் போனேன்.

மேல வீதியில் வெயில் கொளுத்தியது. கோபுரத்துப் புறாக்கள்கூட நிழல் பார்த்து ஒண்டிக்கொண்டிருந்தன. கடை சின்னது. பெயர்ப் பலகையின் கடைசியில் 'பிரதர்ஸ்' என்று இருந்தது. உள்ளே புது ஒயரின் ரப்பர் வாசனை. கல்லாவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ராமலிங்கம். இன்னொன்று காலி. எனக்கு உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சார், அன்னிக்கி என் கை..." என்று ஆரம்பித்தேன்.

"அதத்தான் கேக்கணும்னு வரச் சொன்னேன்" என்றார். "உங்களுக்கு யாரு சொன்னது?"

"எதுங்க?"

"செல்வத்தப் பத்தி."

யார் செல்வம் என்று கேட்க வாயெடுத்தேன். தரகர் எங்களுக்குக் கொடுத்த குடும்ப விவரத்தில் உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

"என் தம்பி" என்றார் அவர். "ரெண்டு பேரும் சேந்துதான் இந்தக் கடைய ஆரம்பிச்சோம். அவனுக்குன்னு குடும்பம் கெடையாது. கார்த்திக்க அவன்தான் தூக்கி வளத்தான். கொரோனாவுல போயிட்டான். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா எடுத்துட்டாங்க. ரோட்ல நின்னு வண்டியப் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல. எங்க தெருவுக்குத் தகரம் அடிச்சி வெச்சிருந்தாங்க. பால் பாக்கெட்டக்கூட தகரத்துக்கு மேலாலதான் குடுத்தாங்க. வூட்டுக்கு எவன் வருவான்? எல்லாரும் போன்லதான் கேட்டாங்க."

ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"அப்புறம் எல்லாத்தையும் தெறந்துட்டாங்க. அதுக்குள்ள பழசாயிப் போச்சி. பழைய எழவ யாரு வந்து கேப்பாங்க? ரோட்ல பாத்தா 'என்னாண்ணே, கட எப்படிப் போவுது'ன்றாங்க. நல்லாப் போவுதுன்னு நானும் சொல்லுவேன். ஒருத்தர்கூட எனக்குக் கை குடுக்கல சார்."

நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கி நீங்க உள்ள வந்ததும் சுவத்துல அவன் போட்டோவப் பாத்தீங்க. அப்படியே உங்க மூஞ்சி மாறிப் போச்சி. ஒரு வார்த்த பேசாம ரெண்டு கையும் நீட்டுனீங்க. நல்ல காரியத்துக்கு வந்தவங்க முன்னாடி அழுதுடுவேனோன்னு உள்ள ஓடிட்டேன். போன் பண்ணி என்னா பேசறதுன்னும் தெரியல. அதான் இத்தினி நாளு."

இந்த இடத்தில் நான் பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் போதும். தேதி கிடைத்துவிடும். என் மகள் கல்யாணமும் நடந்துவிடும். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழக் கோபுரம் உயரத்துக்கு வரும். அதில் இன்னொன்று சேர்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தம்பிக்காக நான் துக்கப்பட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"சார், நான் போட்டோவப் பாக்கல" என்றேன். "பக்கத்துல கடியாரம் இருந்துச்சி. எமகண்டம் வந்துடப்போவுதேன்னு அதத்தான் பாத்தேன். உங்களுக்குத் தம்பி இருந்தாருன்னே எனக்குத் தெரியாது. கை... அது பழக்க தோஷத்துல வந்துடுச்சிங்க. மன்னிச்சிடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு அம்மா வந்து, "அண்ணே, ஒம்பது வாட்ஸ் பல்பு ஒண்ணு குடுங்க" என்றார். ராமலிங்கம் எழுந்து பல்பை எடுத்தார். ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கடியாரத்தையா பாத்தீங்க?" என்றார் திரும்பி.

"ஆமாங்க."

"அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு."

அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் எதிரே நின்றார்.

"இப்பத் தெரிஞ்சிடுச்சி இல்ல?" என்றார். "இப்பக் குடுங்க சம்பந்தி."

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். அவர் தன் கைகளை அதன்மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கடைக்கு வந்த இன்னொருவர் எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

அவர் தம்பி இறந்து போனதற்கு முதலில் அவருக்குக் கை கொடுத்தவன் நான். நிச்சயத் தேதியை அதற்கு அப்புறம்தான் பேசினோம்.